என் தாத்தாவின் ஒன்பதாம் நூற்றாண்டு

ஒரு கல்லைத் தொன்மைச் சின்னம் என்று அரசு அறிவிக்க வேண்டுமானால் அதற்குக் குறைந்தது நூறு வயது ஆகியிருக்க வேண்டும். அறிவிப்பதற்கு முன் இரண்டு மாத அவகாசம் தந்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அந்த அறிவிப்பைக் கல்லுக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் நிலத்துக்கு வந்த அதிகாரியும் ஒட்டினார். அவர் ஒட்டியது ஒரு ஈரக் காகிதத்தை, கல்லில் செதுக்கியிருந்த என் தாத்தாவின் முகத்தில். கல்லைப் படியெடுக்க அதன் மேல் கறுப்பு மசியும் தடவினார். தாத்தா இறந்து அப்போது முப்பது ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

அந்தக் கல் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இன்றும் நிற்கிறது. போன பௌர்ணமிக்கு ஒரு இளைஞர் அதன் முன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, பல்லவர் காலத்துப் போர்வீரன் என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவள். தவறான பதிவைக் கண்டால் திருத்தாமல் நகர முடியாத வியாதி எனக்கு உண்டு. வாயைத் திறப்பதற்குள் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆகவே இங்கே திருத்துகிறேன்.

தாத்தா வெள்ளைக்காரன் காலத்து விவசாயி. கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு, ஒரு வண்டி. வருடா வருடம் ஜமாபந்திக் கணக்கு பார்க்கத் துரை முகாம் வருவார். அவரோடு கூடாரம் வரும், நாற்காலி வரும், சமையல் பாத்திரம் வரும். எல்லாம் ஊரார் வண்டியில்தான் வரும். டவாலி போட்ட சேவகன் வாசலில் வந்து நின்றால் வண்டியைப் பூட்டியாக வேண்டும். அன்றைக்கு உழவா அறுப்பா என்று அவன் கேட்க மாட்டான். ஒரு வருடம் தாத்தாவின் வண்டியில் துரை குளிக்கிற தகரத் தொட்டியை ஏற்றினார்கள். ஜவ்வாது மலை அடிவாரம் வரை இழுத்துப் போய்த் திரும்பிய மாடுகளில் ஒன்று வழியில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. அடுத்த ஜமாபந்தி வந்தபோது தாத்தா தன் வண்டியின் ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கிணற்றில் இறக்கிவிட்டார்.

வெயில் காலத்தில் மரச் சக்கரம் காய்ந்து சுருங்கும், அதன் இரும்புப் பட்டா தளரும். தண்ணீரில் ஊறப் போட்டால் மரம் உப்பிப் பட்டா இறுகிவிடும். வண்டி வைத்திருப்பவர் எல்லோரும் செய்வதுதான். தாத்தாவின் சக்கரம் மட்டும் துரை வரும் வாரத்தில் தவறாமல் தளர்ந்தது. சேவகன் கத்திப் பார்த்தான். ஒற்றைச் சக்கரத்தில் சாய்ந்து கிடக்கிற வண்டியை எந்தச் சட்டத்தைக் காட்டி ஓட்டுவது? இப்படியே சில வருடங்கள் போயின.

கடைசி வருடம், முகாம் கிளம்பிப் போன பிறகு சக்கரத்தை மேலேற்றக் கிணற்றில் இறங்கியவர் பாசி படிந்த படியில் வழுக்கி விழுந்தார். தண்ணீர் குடித்துக் கனத்திருந்த சக்கரம் அவர் மேலேயே சாய்ந்தது. கிணற்று மேட்டில் அவருடைய துண்டை வைத்துக்கொண்டு நின்றது அவருடைய மூத்த பெண். அவள்தான் என் அத்தை. அப்போது சின்னப் பிள்ளை.

அகாலத்தில் செத்தவருக்குக் கல் நட்டுக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஊர்க்காரர்கள் டவுனில் அம்மி கொத்துகிற ஒருவரிடம் சொல்லிக் கல் செய்து வந்தார்கள். அவருக்குத் தெரிந்த மனித உருவம், பழைய வீரக்கல்லில் பார்த்த ஒன்றுதான். தாத்தாவுக்குச் சாய்ந்த கொண்டை வைத்தார். மாடு ஓட்டுகிற தார்க்குச்சியைச் செதுக்கச் சொன்னால் அது கத்தியாக வந்து சேர்ந்தது. சக்கரத்தை மட்டும் நேரில் பார்த்துச் செய்தார் போல. ஆரக்கால் ஒவ்வொன்றும் துல்லியம்.

கல் பார்க்க வந்த அதிகாரி இளைஞர், நல்ல படிப்பாளி, புஷ்கோட் போட்டிருந்தார். எந்தத் துறை என்பது வேண்டாம்.

“ஒன்பதாம் நூற்றாண்டும்மா,” என்றார் அத்தையிடம். “ராஜாவோட தேர்ச் சக்கரம் கழண்டு ஓடுறப்போ குறுக்க பாய்ஞ்சு உயிரை விட்ட வீரன்.”

“அது எங்க நைனாங்க.”

“யாரு?”

“எங்க நைனா. என்னைப் பெத்தவரு.”

அதிகாரி புன்னகைத்தார். “உங்க வம்சத்து மூதாதைன்னு சொல்றீங்க.”

“மூதாதை இல்லீங்க. சாகுறப்போ பார்த்துக்கினுதான் நின்னேன். பாசி வழுக்கிடுச்சு.”

அதிகாரி பாவப்பட்ட முகத்தோடு என் அப்பாவின் பக்கம் திரும்பினார். கல்லை டவுனுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அறையில் வைப்பார்களாம், கீழே பலகை எழுதுவார்களாம். மறுநாள் காலை வண்டி பிடித்து ஏற்றிக்கொள்ளப் போகிறாராம். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். போர்வீரன் பேத்தி என்று வகுப்பில் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்த ஆரம்பித்திருந்தேன்.

அவர் ஜீப் ஏறிப் போனதும் அப்பா சொன்னார். “அக்கா, நீ கம்முனு இரேன். படிச்ச மனுசன் சொல்றாரு. நைனாவுக்குத்தானே பெருமை?”

“எந்த நைனாவுக்குடா? ராஜாவோட வேலைக்காரன்னு எழுதி மாட்டுவான். அவரு உசுரோட இருந்தப்போ ஒரு தொட்டி ஏத்த மாட்டேன்னாரு. நீ அவரையே வண்டில ஏத்தி சர்க்காருக்கு அனுப்புறியா?”

“இப்போ நம்ம சர்க்கார், அக்கா.”

“நம்ம சர்க்காருன்னா கேட்டுட்டு எடுக்கட்டும்.”

மறுநாள் காலை அதிகாரி வந்தார், தலையாரியை வண்டி பிடித்து வர அனுப்பினார். தலையாரி வெகுநேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். ஊரில் உள்ள அத்தனை வண்டியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அத்தனை சக்கரமும் ஏரியில் கிடந்தது.

“எல்லாமேவா?” என்றார் அதிகாரி.

“வெயில் ஜாஸ்திங்க,” என்றார் தலையாரி. “மல்லாட்டை மூட்டை ஏத்துற காலம் வேற. பட்டா கழண்டுக்கினா கஷ்டம்.” அவருடைய வேட்டி தொடை வரை நனைந்திருந்தது. அதிகாரி அதைக் கவனித்தாரா தெரியாது. நான் கவனித்தேன்.

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். “உங்க வண்டி இருக்கும்ல?”

எங்கள் வண்டியும் சாய்ந்துதான் கிடந்தது. விடிந்ததிலிருந்து அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து அத்தையை முறைத்துக்கொண்டிருந்தார். கழற்றியது யார் என்று அவருக்குத் தெரியும். சொல்லியிருந்தால் நாலு பேர் ஏரியில் இறங்கி எடுத்திருக்கலாம், மத்தியானத்துக்குள் கல் டவுனில் இருந்திருக்கும். அப்பா கல்லைப் பார்த்தார். முகத்தில் மசி காய்ந்து திட்டுத் திட்டாக இருந்தது. பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்.

“ஊறுதுங்க.”

அதிகாரிக்குக் கோபம் வந்தது. லாரி கொண்டுவந்து ஏற்றுவேன் என்றார். ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் மேலிடத்துக்கு அனுப்பலாம் என்றும், போகிற போக்கில், உண்மையான நடைமுறை ஒன்றையும் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தைக்கு எழுதத் தெரியாது. மனு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பள்ளியில் கற்றபடி, ‘மேன்மை பொருந்திய ஐயா அவர்களின் சமூகத்துக்கு’ என்று தொடங்கினேன்.

“அவன் மேன்மை கெடக்கட்டும். விஷயத்துக்கு வா பாப்பா. எழுது. எங்க நைனா வீரன் இல்ல. விவசாயி. சண்டைக்குப் போவல. கெணத்துல வழுக்கி வுழுந்து செத்தாரு. கைல இருக்கறது தார்க்குச்சி.”

“அத்தை, வீரன்னே இருக்கட்டுமே. யாருக்கு நஷ்டம்?”

“எழுதுடின்னா எழுது.”

எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் தாத்தாவின் ஒரு நூற்றாண்டு குறைந்துகொண்டே வந்தது. அத்தை கட்டைவிரல் ரேகை வைத்தாள். அப்பாவும், கேட்காமலேயே, கீழே கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு பாதையில் லாரிச் சத்தம் கேட்டால் அத்தை கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வரப்புக்கு ஓடுவாள். செங்கல் லாரி, கரும்பு லாரி, கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்றிய லாரி, எல்லாவற்றையும் வழிமறித்து நின்று பார்த்திருக்கிறாள். நினைவூட்டு மனு இரண்டு முறை எழுதினோம். நான் எட்டாம் வகுப்புக்குப் போன பிறகு ஒரு நாள் பழுப்பு உறை வந்தது. ஊரே எங்கள் வாசலில் கூடிவிட்டது. நான்தான் உரக்கப் படித்தேன்.

“மேற்படி கல், கிணற்றில் தவறி விழுந்து இறந்த ஒரு சாதாரண விவசாயியுடையது என விசாரணையில் தெரிய வருவதாலும், முக்கியத்துவம் ஏதும் அற்றது எனக் கருதப்படுவதாலும், மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது.”

விசாரணைக்கு யாரும் வரவில்லை. எங்கள் மனுவையே எங்களுக்குத் திருப்பி எழுதியிருந்தார்கள். கோப்பு முடிப்பதில் இது ஓர் உயர்ந்த கலை, பின்னால் எனக்கே கைவந்தது. அன்று அழுகைதான் வந்தது. ‘முக்கியத்துவம் ஏதும் அற்றது’ என்ற இடத்தை அவசரமாகப் படித்துத் தாண்டியிருந்தேன்.

“அந்த எடத்தை இன்னொரு தபா படி,” என்றாள் அத்தை.

படித்தேன். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள், அப்பா உட்பட. வெல்லக்கட்டி உடைத்து எல்லோர் கையிலும் கொடுத்தாள். எனக்கும் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

“திட்டியிருக்காங்க அத்தை. உனக்குப் புரியலையா?”

“திட்டலடி பாப்பா. உட்டுட்டாங்க.”

கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போய்ப் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தேன். படிக்காத அத்தைக்குச் சர்க்கார் எழுத்தின் அர்த்தம் தெரியவில்லை என்று அவள் மேல் இரக்கப்பட்டேன். கடிதத்தின் தலைப்பில் போட்டிருந்த தேதி மாசி மாதத்துத் தேதி. அது எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது ஆடிப் பதினெட்டு. இடையில் இருந்த ஐந்து மாதமும் அத்தை லாரிகளுக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தாள்.