பன்னிரண்டு மணி அடித்தபோது நான் இன்டர்வியூவில் இருந்தேன்

போன் வந்த நேரம்

"ஸ்டெல்லா மேரிங்களா? நாளைக்குக் காலையில பதினொரு மணிக்கு உங்களுக்கு இன்டர்வியூங்க. போன்லயேதான். நல்லா சிக்னல் கிடைக்கற இடமாப் பார்த்து உட்காந்துக்கங்க."

இவ்வளவுதான் சொன்னார்கள். அப்போது நான் எங்கள் பங்குக் கோயிலில் பீடத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தேன். "சரி சார், சரி சார்" என்று நாலு தடவை சொல்லி வைத்த பிறகுதான், பேசியது ஒரு பெண் என்பதே மண்டையில் ஏறியது. அவ்வளவு பதற்றம், அவ்வளவு சந்தோஷம். கட்டின பூவை எந்தப் புனிதரின் சுரூபத்துக்குச் சாத்தினேன் என்றுகூட எனக்கு ஓர்மை இல்லை. வீட்டுக்கு ஓடினேன்.

இன்டர்நெட் கம்பெனி ஒன்றில் டெக்னிக்கல் சப்போர்ட் வேலை. ஆபீஸ் கோயம்புத்தூரில், ஆனால் வீட்டில் இருந்தே போன் எடுக்கலாம். டிரெயினிங் மட்டும் நாகர்கோவிலில். நான் பெரிய படிப்பு ஒன்றும் படித்தவள் இல்லை. பிளஸ் டூ, அதன் பிறகு பங்கில் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பு, அவ்வளவுதான். என் தம்பி பெண்டாட்டி ரீத்தா அந்தக் கம்பெனியில் ஏற்கனவே வேலை பார்த்தாள். அவள்தான் என் பெயரைக் கொடுத்தாள்.

இந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு அவசியமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சகாயம் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். விசைப்படகில் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்து மீன் பிடித்துவிட்டுத்தான் கரைக்கு வருவார்கள். ஒரு மழைக்காலத்தில் படகுக்குள் வழுக்கி விழுந்து நடு முதுகில் அடி. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி வலை இழுக்கக் கூடாது, மறுபடியும் அடிபட்டால் நடக்கவே முடியாமல் போகும் என்று சொல்லிவிட்டார். ஆனால் படகு டிரைவர் பெனடிக்ட் விடுவதாக இல்லை. திங்கட்கிழமை படகு இறங்குகிறது, சகாயம் வரணும் என்று தினமும் போன். இவரும் "பாக்கலாம்டே" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் "பாக்கலாம்" எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வேறு வழி பிறக்காவிட்டால் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்.

போன் வந்தது வெள்ளிக்கிழமை. இன்டர்வியூ சனிக்கிழமை. படகு திங்கட்கிழமை. மாதாவே, இந்த ஒரு தடவை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குள்ளேயே ஒரு கஸ்டமர்

அன்று சாயந்தரமே ரீத்தா வந்துவிட்டாள். வயதில் என்னைவிடச் சின்னவள், ஆனால் அன்று அவள்தான் டீச்சர். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து சிக்னல் பார்த்தாள். கடைசியில் அடுக்களை ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நாலு கோடும் நின்றது.

"மைனி, இதாக்கும் உங்க ஆபீஸ். நாளைக்கு இந்த ஸ்டூல்ல இருந்து எழும்பப்பிடாது. ஜன்னல அடைச்சிருங்க. கடக்காத்து சத்தம் கேட்டா, பஸ்சுல இருந்து பேசுதியளான்னு கேப்பாங்க."

கஸ்டமர் போனில் செய்ய வேண்டிய ஐந்து காரியங்களை அவள் சொல்லச் சொல்ல நான் விரல்களில் வைத்துக்கொண்டேன். பெருவிரல், வணக்கமும் என் பெயரும். ஆட்காட்டி விரல், கஸ்டமர் சொன்ன பிரச்சினையை நம் வாயால் திருப்பிச் சொல்வது. நடுவிரல், வீட்டில் வைத்திருக்கும் இன்டர்நெட் பெட்டியில் எந்த லைட் எரிகிறது என்று கேட்பது. பச்சை எரிந்தால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லலாம். எல்.ஓ.எஸ். என்று போட்ட இடத்தில் சிவப்பு எரிந்தால் வெளியில் இருந்து லைனே வரவில்லை, ரீஸ்டார்ட் செய்து பிரயோஜனம் இல்லை. மோதிர விரல், கம்ப்ளைன்ட் பதிந்து நம்பர் கொடுப்பது. சுண்டு விரல், நன்றி.

அடுத்து, டெட் ஏர் என்று ஒன்று சொன்னாள். போனில் நம் பக்கம் சத்தமே இல்லாமல் கிடந்தால் அதற்குப் பெயர் டெட் ஏர். அது பெரிய தப்பு. கொஞ்ச நேரம் பேச முடியாது என்றால் கஸ்டமரிடம் கேட்டுவிட்டு ஹோல்டில் போட வேண்டும்.

"ஒண்ணும் ஓடலன்னா, 'செக் பண்ணிட்டு இருக்கேன் சார்'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மைனி. அது போதும்."

"செக் பண்ணாட்டாலுமா?"

"செக் பண்ணாட்டாலுந்தான். எல்லாரும் அதத்தான் சொல்லுவினும்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

பிறகு ஒத்திகை. கஸ்டமராக நடிக்க என் வீட்டுக்காரரைப் பிடித்தோம். மனிதர் முதுகில் தலையணை வைத்துப் படுத்திருந்தவர், உற்சாகமாக எழுந்து போனை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துக்குப் போனார். அங்கிருந்து கூப்பிட்டார்.

"ஹலோ! எனக்க வீட்டுல நெட்டு இல்ல கேட்டியா! ரெண்டு நாளாச்சு!"

"வணக்கம் சார், நான் ஸ்டெல்லா பேசுதேன். உங்க வீட்டுல ரெண்டு நாளா நெட் இல்ல, அப்படித்தான சார்?"

"அதத்தானட்டி நானும் சொன்னேன்! உனக்கென்ன செவிடா?"

"சார், பெட்டியில எந்த லைட் எரியுது?"

"பெட்டிய நான் தூக்கி கடல்ல போட்டாச்சு!"

"கடல்ல போட்டா வாரண்டி கிடைக்காது சார்."

ரீத்தா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அண்ணன மாதிரி ஒரு கஸ்டமர் கிடைச்சா நான் அன்னைக்கே வேலைய விட்டுருவேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மைனி, சத்தத்தக் கொறைங்க. நீங்க போடுத சத்தத்துக்கு கோயம்புத்தூருக்கு போனே வேண்டாம்" என்றாள். கடற்கரையில் எல்லாருக்கும் இதுதான் குரல். அலைச்சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகினது. போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் சரியாகும் என்று கண்டுபிடித்தோம்.

படுக்கும்வரை ஒத்திகைதான். செபமாலை சொல்லும்போதுகூட நடுவிரல் மணியில் பட்டதும் வாய் "எந்த லைட் எரியுது" என்று நின்றது. பிள்ளைகள் இரண்டு பேரும் அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்தார்கள்.

பிந்திய அழைப்பு

சனிக்கிழமை பத்தரை மணிக்கே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ரீத்தாவும் வந்துவிட்டாள். நல்ல சேலை கட்டியிருந்தேன். "போன்ல சேலை தெரியுமாட்டி?" என்று வீட்டுக்காரர் கேட்டார். எனக்குத் தெரியுமே என்றேன்.

பதினொன்று ஆனது. போன் வரவில்லை. பதினொன்றேகால், பதினொன்றரை. என் பெயரையே விட்டுவிட்டார்களோ என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஒரு சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அதில் சீனி போட மறந்துவிட்டார். நானும் குடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது.

"பிரகாஷ் பேசறேனுங்க. முன்னாடி இருந்தவங்க இன்டர்வியூ இழுத்துடுச்சு, மன்னிச்சுக்கங்க. உங்களப் பத்திச் சொல்லுங்க."

ரீத்தா சொல்லித் தந்தபடி, "மைசெல்ஃப் ஸ்டெல்லா மேரி" என்று தொடங்கினேன்.

"தமிழ்லயே சொல்லுங்க. நம்ம கஸ்டமருங்க தமிழ்லதான் திட்டுவாங்க."

அதைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பயம் போனது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். "மோடம் வெளியில இருந்து வருத லைனை வீட்டுக்குள்ள கொண்டு சேக்கும் சார். ரவுட்டர் அத வீட்டுல உள்ளவங்களுக்குப் பங்கு வைக்கும். எங்க ஊருல ஒருத்தர் மீனக் கரைக்குக் கொண்டு வருவாரு, இன்னொருத்தர் நின்னு பங்கு வைப்பாரு, அது போல" என்றேன். "அட, நல்லாருக்குதுங்களே" என்றார். ஸ்டூலும் தரையில் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை.

"சரி, இப்ப நான் கஸ்டமர். வீட்டுல நெட் வர்றதில்லை, பையன் வெளிநாட்டுல இருந்து கூப்பிடற நேரம். கோவமா இருக்கேன். ஆரம்பிங்க."

பெருவிரல் முடிந்தது. ஆட்காட்டி விரல் முடிந்தது. நடுவிரலுக்கு வந்தேன். "சார், பெட்டியில எந்த லைட் எரியுது?"

"லைட்டெல்லாம் எனக்கென்னங்க தெரியும்? நீங்களே பார்த்துச் சொல்லுங்க!"

அந்த நேரம் கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது.

எங்கள் ஊரில் அந்த மணி கேட்டால் வலைக்குக் கண்ணி போடுகிறவரும் கையை நிறுத்துவார், மீன் விற்கிறவளும் விலை பேசுவதை நிறுத்துவாள். மூவேளை செபம், அதில் 'அருள் நிறைந்த மரியே' என்ற மாதா செபம் மூன்று தடவை வரும். நினைவு தெரிந்த நாள் முதல் நான் அதை விட்டதில்லை. அன்றைக்கு விட்டுவிடலாமா என்று யோசிக்கவும் நேரம் இல்லை. மணி கேட்டதும் கண் மூடியது, கை சிலுவை போட்டது, வாய் செபத்தைத் தொடங்கிவிட்டது. கையில் போன் இருப்பதே மறந்துபோனது. முதல் அருள் நிறைந்த மரியே முடிந்து, இரண்டாவது தொடங்கும்போதுதான் "ஹலோ... ஹலோ?" என்ற சத்தம் கேட்டது.

டெட் ஏர். ஹோல்ட் கேட்கவும் இல்லை.

"என்னங்க, மெதுவா ஏதோ சொல்லிட்டே இருந்தீங்க? லைன் ஸ்டேட்டஸ் செக் பண்ணீங்களா?"

பாருங்கள், வாசலை அவரே திறந்து வைத்தார். "ஆமா சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஒரு சாண் தள்ளிப் பிடித்த போனில் அவர் கேட்டது வெளியிலும் கேட்டிருக்கிறது. அடுக்களை வாசலில் ரீத்தா நின்று, தலையை மேலும் கீழும் ஆட்டினாள். அவள் பின்னால் என் வீட்டுக்காரர், ஒரு கையை முதுகில் ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தக் கையைப் பார்த்ததும் "ஆமா" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் மாதாவின் பெயரைச் சொன்ன வாயை இன்னும் மூடக்கூட இல்லையே. அதே வாயால் எப்படிப் பொய் சொல்வது?

"இல்ல சார், செக் பண்ணல. இஞ்ச கோயில் மணி அடிச்சுது. நான் செபம் சொல்லத் தொடங்கிட்டேன். உங்ககிட்ட கேட்டுட்டு ஹோல்டுல போட்டிருக்கணும். தப்புதான் சார், மன்னிக்கணும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இப்போது டெட் ஏர் அவருடையது.

பிறகு கஸ்டமர் குரலிலேயே, "சரி, இப்பவாவது நம்ம விஷயத்தப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். கறுப்புப் பெட்டியின் முகப்பில் சின்னச் சின்ன லைட் இருக்கும், அதில் சிவப்பாக ஏதாவது எரிகிறதா என்று பொறுமையாகக் கேட்டேன். எரிகிறது என்றார். வீட்டில் ஏதாவது நகர்த்தினீர்களா என்று கேட்டேன். டிவி ஸ்டாண்டை நகர்த்தியதாகச் சொன்னார். "அப்ப பின்னாடி ஃபைபர் ஒயர் மடங்கியிருக்கலாம் சார். அதுக்குள்ள கண்ணாடி நூல் மாதிரி இருக்கும், நீங்க இழுத்துப் பாக்க வேண்டாம். கம்ப்ளைன்ட் போட்டு ஆள் அனுப்புதேன்" என்றேன்.

"எப்ப வருவாங்க?"

"அது எனக்கு இப்ப தெரியாது சார். கேட்டுட்டு நானே உங்களுக்கு போன் செய்யுதேன்."

"சரிங்க" என்றார். அது கஸ்டமர் சொன்ன "சரி"யா, பிரகாஷ் சார் சொன்ன "சரி"யா என்று தெரியவில்லை. "ஹோல்ட் கேக்காம லைன்ல பேச்ச நிறுத்திட்டீங்க, அதுக்கு மார்க் போயிடும்ங்க. சாயந்தரம் சொல்றோம்" என்று வைத்துவிட்டார்.

ரீத்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அவரே வழிய காட்டித் தந்தாரே மைனி! செக் பண்ணினேன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"அவ செக் பண்ணியிருக்கா" என்றார் என் வீட்டுக்காரர். "மேல ஸ்டேட்டஸ் எப்படின்னு."

பாக்கி இருந்த இரண்டு அருள் நிறைந்த மரியேயையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன்.

சாயந்தரம்

சாயந்தரம் பிரகாஷ் சாரே கூப்பிட்டார். அவசரத்தில் ஸ்பீக்கர் பட்டனைத் தட்டிவிட்டேன், வீடே கேட்டது.

"இன்னைக்கு என்கிட்டப் பேசினவங்க எல்லாருமே, செக் பண்ணிட்டேன் சார், செக் பண்ணிட்டேன் சார்னாங்க. ஏனுங்க, நான் சும்மா நடிக்கறேன். அங்க லைனே கிடையாது. எதைச் செக் பண்ணாங்களோ தெரியல! நீங்க ஒருத்தர்தான் இல்லைன்னீங்க. திங்கக்கிழமை டிரெயினிங் வந்துருங்க. இனி மணி அடிச்சா ஹோல்ட் கேட்டுட்டுப் போங்க, அது போதும்."

இப்போது அதே கம்பெனியில் எனக்குக் கீழே சில பேர் வேலை பார்க்கிறார்கள். போன் இன்டர்வியூவும் நான் எடுக்கிறேன். அதனால் தயார் ஆகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிக்னல் பாருங்கள், ஜன்னலை அடையுங்கள், விரல் விட்டுப் படியுங்கள், வீட்டில் உள்ளவர்களைக் கஸ்டமராக வைத்துத் திட்டு வாங்கிப் பழகுங்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். போனின் அந்தப் பக்கம் இருப்பவருக்கு நம் முகம் தெரியாது. நம் வார்த்தையை நம்பித்தான் அவர் காத்துக்கொண்டிருப்பார். தெரியாது என்றால் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றால் கேட்டுச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் நான் கற்றது இதுதான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறேன். ரீத்தா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். பிள்ளைகள் என்னவென்றே தெரியாமல் கூடச் சேர்ந்து குதித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். டிரைவரிடம் பேசுவது உள்ளே கேட்டது.

"லேய் பெனடிக்டு, நான் வரலடே... இல்ல, நடுமுதுகு எல்லாம் நல்லாத்தான் இருக்கு... எனக்க பெண்டாட்டிக்கு திங்கக்கிழம டூட்டியாக்கும். காலைல பிள்ளையளுக்கு நான்தான் சோறு கெட்டிக் குடுக்கணும். நீ வேற ஆளப் பாரு."

வைத்துவிட்டு உள்ளே வந்தார். பிறகு பிள்ளைகளுக்குக் கேட்காமல், மெதுவாக என்னிடம் கேட்டார்:

"ஏட்டி, நம்ம பிள்ளையளு பள்ளிக்கொடத்துக்கு மத்தியானம் திங்க என்ன கொண்டுபோவும்?"