எல்லைக்கோட்டில் ஓர் உத்தியோகம்

மாப்பிள்ளைக்குப் புதுக்கோட்டையில் உத்தியோகம் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் ஊர் குளத்தூரில் அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. குடித்தனம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. டவுனில் பண்ணையார் ஒருவர் சொந்தச் செலவில் கிரிக்கெட் டீம் வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் அதில் சம்பளத்துக்கு ஆடுகிறவர். ஆடுகிறவர் என்பதுகூட அதிகம். மட்டை பிடிப்பதெல்லாம் பண்ணையாரின் சொந்தக்காரர்களும் வக்கீல்களும்தான். இவர் எல்லைக்கோட்டருகே வெயிலில் நின்று, வருகிற பந்தை ஓடிப் பிடித்து எறிய வேண்டும். மணமேல்குடிக் கடற்கரை மணலில் ஓடி வளர்ந்தவர். எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் பந்து ஸ்டம்புக்குத்தான் போகும். தெருவில் அவருக்குப் பெயர், பந்து பொறுக்குற ஆளு. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அதைக் கேட்டுவிட்டால் நான் பாதிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

என் அண்ணன் ஒருமுறை வந்திருந்தபோது, மாப்பிள்ளையின் ஆபீசைப் பார்க்க வேண்டும் என்றான். இவர் மறைக்கவில்லை. இன்றைக்கு மேட்ச், வாருங்கள் என்று எங்கள் இருவரையும் கூட்டிப் போனார். வேலியோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம்.

எதிர் டீமில் பெரிய அதிகாரி ஒருவர் ஆடினார். பண்ணையாருக்கு அவரால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருந்தது. அதிகாரி உயரத் தூக்கி அடித்த பந்தை, இவர் வெகுதூரம் ஓடிவந்து, விழுந்து புரண்டு பிடித்தார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். மைதானத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. அதிகாரி நகராமல் நின்றார். பண்ணையார் அருகே வந்து, பந்து தரையில் பட்டதா என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது.

"பட்டுருச்சுங்க," என்றார் இவர். பிறகு அதிகாரியிடம் போய்க் கும்பிட்டு மன்னிப்பும் கேட்டார். ஆட்டம் தொடர்ந்தது. நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அண்ணன்தான் பேச்செடுத்தான். "மாப்ளே, நெசமாவே தரையில பட்டுச்சா?"

"படல மச்சான்."

அதையாவது அவர் மறைத்திருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் சாப்பிட உட்காரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான். ஊரில் போய், மாப்பிள்ளை ஆபீசில் கிளார்க்காக இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறான். நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பொய்க்கு ஏற்றபடி இவர் சலவைச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

யுத்தம் வந்து சீமைப் பந்து கிடைக்காமல் போகவும் பண்ணையார் டீமைக் கலைத்தார். பெட்ரோலும் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ்ஸில் இவர் கண்டக்டராகச் சேர்ந்தார். அதற்கு முன்னால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், சும்மாதான் இருந்தேன் என்பார். பக்கத்தில் நிற்கும் நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.