வளைகாப்புக்கு வராத மகள்

தாம்பரத்தில் நான் ஏறும் காலை நேரத்து பீச் ஸ்டேஷன் மின்சார வண்டியில், லேடீஸ் பெட்டியில், என் கதைகளுக்கென்றே ஓர் எதிர்க்கட்சி உண்டு. வாரப் பத்திரிகையில் என் கதை வந்துவிட்டால் போதும், அன்றைக்கு எனக்கு அர்ச்சனைதான். "ஏன் ரைட்டரம்மா, உங்க கதையில யாருமே நல்லா இருக்க மாட்டாங்களா? வீட்டுலதான் அழறோம், ட்ரெய்ன்லயும் அழணுமா?" என்பார் பேங்க்கில் வேலை பார்க்கும் மேடம். பாரிமுனையில் வளையல் கடை வைத்திருக்கும் பல்லாவரத்து அக்கா இன்னும் ஒரு படி மேலே போவார். "ஒரே ஒரு கதையில கல்யாணம் பண்ணி வைங்க. பொண்ணுக்கு வளையல் நம்ம கடையில ஃப்ரீ."

நானும் லேசுப்பட்டவள் இல்லை. கடைசியில் பாயசம் ஊற்ற இது என்ன கல்யாணப் பந்தியா என்பேன். வாழ்க்கையில் பாதி விஷயம் முடியாமலே கிடக்கிறது, கதைக்கு மட்டும் ஏன் சுபம் போட வேண்டும் என்பேன். அவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் பட்டாணி உரிக்கப் போய்விடுவார்கள்.

இந்தச் சண்டையில் சேராதவர் ஒருவர்தான். முடிச்சூர்க்காரர். பெருங்களத்தூரிலேயே ஏறி ஜன்னலோரம் பிடித்து, பக்கத்தில் பையை வைத்து எனக்கும் ஓர் இடம் போட்டு வைப்பார். கிண்டியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை. ஐம்பதைத் தாண்டிய வயது. எங்கள் எல்லோருக்கும் அவர் ஜன்னல் அக்கா. ஒரே ஒரு முறை என் கதையைப் பற்றிக் கேட்டார். அந்தக் கதையின் முடிவில் ஒரு சின்னப் பெண் செத்துப்போவாள்.

"செத்தான்னு எழுதி அதோட வுட்டுட்டீங்களே. அப்பால யார் யாரு வந்தாங்க? யாரு அழுதாங்க? அது ஒண்ணுமே இல்லியே."

அதெல்லாம் படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள் அக்கா என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உண்மையில் அந்தப் பெட்டியின் கதைசொல்லி நான் இல்லை, அவர்தான். அவருக்கு ஒரே மகள். அந்த மகளின் பாடு தினமும் எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். கல்லூரி முடித்தாள், வேலைக்குப் போனாள், மேலதிகாரியோடு சண்டை போட்டாள், வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்தாள். கிண்டியில் இறங்க வேண்டும் என்பதால் பரங்கிமலை தாண்டும்போது அன்றைய கதையை ஏதாவது ஒரு நல்ல இடத்தில் நிறுத்துவார். கொரோனா சமயத்தில் மாப்பிள்ளையின் ஊரில், நாலு பேரை வைத்துக் கல்யாணம் முடிந்ததாம். வண்டி மறுபடி ஓடத் தொடங்கியதும் வந்து, உங்க யாரையும் கூப்பிட முடியலையே என்று அவர் கண் கலங்கியபோது நாங்கள்தான் சமாதானம் சொன்னோம்.

சில விஷயங்கள் அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். போட்டோ காட்டச் சொன்னால் திருஷ்டி என்பார். யாராவது ஜுரம் என்று பேச்செடுத்தால் முகம் வெளுத்துப் பேச்சை மாற்றுவார். இன்னொன்றையும் அடிக்கடி சொல்வார். "அவ தலை மட்டும் காயவே மாட்டேங்குது. எப்ப தொட்டாலும் ஈரமாவே கீது." பேங்க் மேடம் அதற்குச் சாம்பிராணி போடச் சொன்னார்.

கல்யாணமான ஒரு பெண்ணைப் பற்றி நம் ஊரில் யாராலும் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. அதை எங்கள் பெட்டியும் கேட்க ஆரம்பித்தது. "விசேஷம் ஏதாவது உண்டா?" இல்லை என்றால் இரண்டு வாரம் சும்மா இருப்பார்கள், பிறகு மறுபடியும் கேட்பார்கள். பேங்க் மேடம் குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு விபூதி கொண்டுவந்தார். பல்லாவரத்து அக்கா தர்காவில் ஓதிய கயிறு வாங்கி வந்தார். வருஷக்கணக்கில் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், போன வருஷம் ஒரு காலையில், திரிசூலத்தில் தலைக்கு மேல் விமானம் இரைந்து அடங்கும் வரை காத்திருந்து, "உண்டாயிருக்கா" என்றார். பெட்டியே கை தட்டியது. அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். பயந்துபோனவர் மாதிரி இருந்தார். தலைப்பிரசவம், பயம் இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பெட்டியில் யார் உண்டானாலும் ஓடுகிற வண்டியிலேயே வளைகாப்பு செய்துவிடுவோம். மகளை டாக்டர் அசையக் கூடாது என்று சொல்லியிருப்பதால் வர முடியாது என்றார் ஜன்னல் அக்கா. அதற்காக விட்டுவிடுவோமா? தாய்க்குச் செய்தால் மகளுக்குச் செய்த மாதிரிதான் என்று யாரோ ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார்கள். ஜன்னலோரம் அவரையே உட்கார வைத்து, சந்தனம் பூசி, பூ வைத்து, பல்லாவரத்து அக்கா கொண்டுவந்த கண்ணாடி வளையல்களை ஆளுக்கு இரண்டாகப் போட்டோம். நானும் போட்டேன். அவர் கை சில்லென்று இருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தார். ஒரு வளையல் உடைந்து காலடியில் விழுந்தது. எல்லோரும் பார்த்தோம், யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கிண்டியில் இறங்கும் அவசரத்தில், மகளுக்கென்று கட்டிக் கொடுத்த வளையல் பையை மேல் பலகையிலேயே விட்டுப் போய்விட்டார். வளைகாப்பு வளையல் வேறு வீட்டில் ராத்தங்கக் கூடாது என்று பேங்க் மேடம் கண்டிப்பாகச் சொன்னார். ஜன்னல் அக்கா போனை எடுக்கவில்லை. அதனால் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து, பையை எடுத்துக்கொண்டு முடிச்சூருக்கு நானே போனேன்.

விளக்கு வைக்கும் நேரம். வயலாக இருந்து மனையாக மாறிய தெரு. வீட்டின் சுவரில், என் தோள் உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு ஓடியது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தின்போது தண்ணீர் நின்ற மட்டம். அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். அடித்த பெயின்ட்டுக்குள்ளிருந்து அது மறுபடி வெளியே வந்திருந்தது. கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர்.

"உங்க பொண்ணுக்கு வளையல் கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபப்படவில்லை. ஒதுங்கி வழி விட்டார். எதிர்ச் சுவரில் ஒரு போட்டோ, அதற்குப் பிளாஸ்டிக் மாலை, கீழே எரிந்துகொண்டிருந்த சின்ன சிவப்பு பல்பு. கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருக்க வேண்டும். ரெட்டைப் பின்னல் போட்ட பெண், பதினெட்டு வயதுகூட இருக்காது. மாலையின் தூசியைப் பார்த்தாலே அது மாட்டிப் பல வருஷம் ஆகியிருக்கும் என்று தெரிந்தது.

ஜன்னல் அக்கா அடுக்களையிலிருந்து வந்து என் கையிலிருந்த பையை வாங்கினார். ஒரு வளையலை எடுத்து பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு ஆறா? அவளுக்கு ரெண்டு நாலுதான் சைஸ். பரவால்ல, இப்ப கை கொஞ்சம் பூசினாப்ல கீது. சரியா இருக்கும்."

சொல்லிவிட்டு போட்டோவைப் பார்த்தார். கணவர் கொல்லைப்புறம் போய்விட்டார். காபி சாப்பிடுங்க என்றதற்கு வேண்டாம் என்றேன். அந்த வீட்டில் எதையும் வாயில் வைக்க எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

தெருமுனை வரை கூடவே வந்தார். அங்கே நின்று, ட்ரெய்னில் பேசும் அதே குரலில் பேசினார்.

"பைத்தியம்னு நெனைக்காதீங்க ரைட்டரம்மா. எனக்கு எல்லாம் தெரியும். தண்ணி வந்த வாரம் அவளுக்கு ஜுரம். கழுத்தளவு தண்ணியில தூக்கினு போனோம். தலையெல்லாம் நனைஞ்சுடுச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உசுரு இல்ல. வூட்டுக்குக் கொண்டார வழி ஏது? அங்கயிருந்தே சுடுகாட்டுக்கு எடுத்துட்டாங்க. ஒரு பொம்பள வந்து என்னைக் கட்டிப்புடிச்சு அழல. யாரைச் சொல்றது, அவங்கவங்க வூட்டுல தண்ணி. மறு வருசம் வேலைக்குச் சேந்து ட்ரெய்ன் ஏறினேன். மொத நாளே யாரோ, பசங்க எத்தனைன்னாங்க. ஒரு பொண்ணுன்னேன். இன்னா படிக்குதுன்னாங்க. காலேஜுன்னேன். அவ்ளோதான். அப்பால நீங்கல்லாம் கேட்டுகினே இருந்தீங்க, அவ வளர்ந்துகினே இருந்தா."

"இப்ப என்ன செய்யப்போறீங்க அக்கா?"

"அதான். கத்தரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆவணும்? கொழந்தைய எங்கப் போயி தூக்கினு வருவேன்? நீங்க முடிச்சுக் குடுங்க."

வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றேன். பிரசவமாகி, சுகமாக, மாப்பிள்ளையோடு துபாயில் இருக்கட்டும். சோக முடிவுக்காக ஊரெல்லாம் சண்டை போடுகிற என் வாயில் முதலில் வந்தது அதுதான். அவர் கூடாது என்று வேகமாகத் தலையாட்டினார்.

"வேணாம். அவ சாவணும். அம்மாவும் கொழந்தையும் ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு சொல்லுங்க. சாவுச் சேதிய பெத்தவளே போய் சொல்ல முடியாது, அதனால நீங்க சொல்லுங்க. நா அன்னிக்கு வர மாட்டேன். எனக்கு போன் போட்டு மடியில வச்சுக்கங்க. எம் பொண்ணுக்கு நாலு பேரு அழறத நா ஒரு தபா கேக்கணும்."

நான் மறுத்திருக்கலாம். ஆனால் எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. அந்தப் பெண் செத்தது நிஜம், நாங்கள் அவளை வளர்த்ததும் நிஜம். நடுவில் அழுகைதான் பாக்கி. ஒரு கதைக்கு எந்த முடிவு பொருந்தும் என்பதில் இத்தனை வருஷம் வீராப்பு பேசியிருக்கிறேன். முடிவு வேண்டும் என்று ஒருத்தர் கையேந்திக் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

சில வாரம் கழித்து, மாசம் நெருங்கியதும், அவர் நாள் குறித்தார். அன்று பெருங்களத்தூரிலிருந்து வந்த வண்டியில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அவ்வளவு கூட்டத்திலும் யாரும் அதில் உட்காரவில்லை. போனில் அவரைக் கூப்பிட்டு, எடுத்தார் என்று தெரிந்ததும் மடியில் கவிழ்த்து வைத்தேன். பல்லாவரத்து அக்கா ஏறட்டும் என்று காத்திருந்தேன். அவர் ஏறி, "எங்க நம்ம பாட்டியம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டதும் சொல்லிவிட்டேன். நேற்று வலி எடுத்தது, பிழைக்கவில்லை, மாப்பிள்ளை ஊரிலேயே எல்லாம் முடிந்தது, யாரும் போக வேண்டாம்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பேங்க் மேடம் ஒரு சத்தம் போட்டார். அந்த மாதிரிச் சத்தம் அவரிடமிருந்து வரும் என்று நான் நினைத்ததில்லை. பல்லாவரத்து அக்கா காலி இடத்தின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து, "எங்கையால குடுத்த வளையலாச்சேடி" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுதார்கள். அவளைத் தெரியாதவர்களும் அழுதார்கள். பூ விற்கிறவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். எப்போதோ எரித்து முடித்த ஒரு பெண்ணுக்கு, ஓடுகிற ரயிலில், அன்றுதான் சாவு நடந்தது. மடியில் போன் சூடாக இருந்தது. அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

விமானம் ஒன்று மேலே போனது. அழுகை கொஞ்சம் ஓய்ந்த அந்த இடைவெளியில் பல்லாவரத்து அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முழங்காலைப் பிடித்தார்.

"கொழந்தை? கொழந்தையாவது பொழைச்சுதா?"

பெட்டி முழுக்க அழுத முகங்கள், எல்லாம் என்னையே பார்த்தன. சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"குழந்தை நல்லா இருக்கு" என்றேன்.

அல்லாவே, முருகா என்று ஆளுக்கு ஒரு பெயரைச் சொல்லிக் கையெடுத்தார்கள். நான் போனைத் திருப்பிப் பார்த்தேன். அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்திருக்க வேண்டிய கணக்குப்படி, ஒரு திங்கட்கிழமை அவர் வந்தார். தாம்பரத்தில் நான் ஏறியபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தார். இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. அழுது தீர்த்தவர்களுக்கு வரும் தெளிவு. ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பல்லாவரம் வந்தது. ஏறிய அக்காவால் மட்டும் அடக்க முடியவில்லை.

"கொழந்தை எப்படிம்மா இருக்கு? ஆணா, பொண்ணா?"

ஜன்னல் அக்கா என் பக்கம் திரும்பினார். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. காத்துக்கொண்டிருந்தார். பெட்டியும் காத்துக்கொண்டிருந்தது. இல்லை, அன்று தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அத்தோடு முடிந்துவிடும். வாயைத் திறந்தேன்.

"பொண்ணு" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். மடியில் வெறுமையாகக் கிடந்த இரண்டு கைகளும் மெல்ல ஏந்தியது போல் மடிந்தன.

"அவ அம்மா ஜாடைதான்" என்றார். "அப்படியே."