நாலு ஆள் நீளத்து ராஜா

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சம் இல்லை. சிதம்பரத்தில் எனக்கு நிகராகப் படம் வரைய ஆளே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு முழுப் பொறுப்பும் என் அப்பாதான். நான் ஒரு முயல் வரைந்தால் போதும், அதைச் சுருட்டிக்கொண்டு கீழ வீதி முழுக்க நடப்பார். பூக்கடைக்காரரில் தொடங்கி, கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் அம்மா வரைக்கும் பிரித்துக் காட்டுவார். அவர்களும்தான் பாவம், என்ன சொல்வார்கள்? நல்லா இருக்குதுங்க என்பார்கள். அதை அப்பா வீட்டுக்கு வந்து மூன்று மடங்காக்கிச் சொல்வார்.

என் வித்தை என்னவென்று இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். காலண்டர் படத்தின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுவேன். சார்ட் அட்டையிலும் அதே எண்ணிக்கையில் பெரிதாகக் கட்டம் போடுவேன். பிறகு ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் அப்படியே எடுத்து வைப்பேன். கடைசியில் கோடுகளை அழித்துவிட்டு போஸ்டர் கலர் அடித்தால் தெற்குக் கோபுரம் பொம்மைகளோடு அட்டையில் நிற்கும். நான் வரைந்தேன் என்பதைவிடக் கட்டங்கள் வரைந்தன என்பதுதான் சரி. ஆனால் அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் உங்களைக் கடித்துக் குதறியிருப்பேன்.

எங்கள் பெண்கள் பள்ளியில் ஓவிய வாத்தியார் மாற்றலாகிப் போய் இரண்டு வருடமாகியும் வேறு ஆள் வரவில்லை. ஓவிய வகுப்பைக் கணக்கு டீச்சர் தின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் கடலூரிலிருந்து ஒரு தாள் வந்தது. பிள்ளைகள் அவரவருக்குப் பிடித்த கலையைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும், செய்து காட்ட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை காலை கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து பார்ப்பார். பள்ளிக்கு ஒருத்தியாகத் தேர்ந்தெடுத்து, மறுநாள் கடலூர் கண்காட்சிக்குக் கூப்பிடுவார். தாள் வந்த அன்றைக்கே அப்பா கீழ வீதியில் சொல்லிவிட்டார், பாப்பா கடலூர் போகிறாள் என்று. கடலூரில் இருக்கும் அத்தைக்கும் போன் போய்விட்டது.

இந்தக் காரியத்தைத் தலைமையாசிரியை ஒப்படைத்தது பி.டி. டீச்சரிடம். அவருக்குக் கலையும் கபடி மாதிரிதான். கழுத்தில் விசிலோடு வந்து நின்றார்.

"ஆளுக்கு ஒரு நிமிஷம். என்ன புடிக்கும், ஏன் புடிக்கும், சொல்லிட்டு விசில் அடிச்சதும் உக்காந்துடணும்."

அந்த ஒரு பீரியடில்தான், மூன்று வருடமாகப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஒருத்தி இரண்டு கையையும் விரித்தாள். இடது கையில் தானே போட்ட மருதாணி, அச்சடித்த மாதிரி. வலது கையில் கோணல்மாணலாக, அதுவும் அவளே இடது கையால் போட்டதாம். இன்னொருத்தி சித்தப்பாவின் செல்போனில் எடுத்த போட்டோக்களைக் காட்டினாள். ஒரு காக்கா, இட்லித்தட்டின் ஆவி, போனைப் பிடுங்க வரும் அம்மாவின் உள்ளங்கை. மூன்றாமவளுடைய அண்ணன் கல்யாண மண்டபத்துக்குத் தெர்மாகோலில் பெயர் வெட்டுகிறவர். இவள் தன் பெயரை வெட்டி எடுத்து வந்திருந்தாள். மாப்பிள்ளை பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். வகுப்பே கூரை அதிரச் சிரித்தது.

நான் என் கோபுரத்தை விரித்தேன். "ஆஆ" என்று சத்தம் வந்தது. எனக்குத் தெரியும், வரும். விசில் அடித்த பிறகும் நான் உட்காரவில்லை.

கடைசியில் எழுந்தவள் தையல்நாயகி. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து அந்த வருடம்தான் வந்து சேர்ந்திருந்தாள். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். கையில் ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

"நான் மண்ணுல ஆளு செய்வேன் டீச்சர்."

"பொம்மையா?"

"இல்ல டீச்சர். ஆளு. படுத்திருக்கும்."

அம்மன் கோயில் தீமிதி அன்று காலையில் அவர்கள் ஊரில் மண்ணால் ஒரு பெரிய ராஜாவைச் செய்து படுக்க வைப்பார்களாம். போரில் தோற்று விழுந்த ராஜா. படுகளம் என்று அதற்குப் பெயர். கூத்தாடிகள் அதைச் சுற்றிச் சுற்றி ஆடி, முடிவில் தொடையைப் பிளப்பார்களாம். எவ்வளவு பெரிது என்று டீச்சர் கேட்டார். தையல்நாயகி வகுப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல அடங்காது டீச்சர்" என்றாள். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன்.

பி.டி. டீச்சருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. மைதானத்தை மேடாக்க ஏரி வண்டலை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டி வைத்திருந்தார்கள். அதில் செய், மேடத்துக்குப் பிடித்தால் கடலூர் மைதானத்திலும் போய்ச் செய்யலாம் என்றார். வெள்ளிக்கிழமையே செய்கிறேன் டீச்சர் என்றாள் தையல்நாயகி. "அந்தம்மா பத்து மணிக்கே வந்துடுவாங்க, அதுக்குள்ள எப்படி முடிப்ப? வியாழக்கிழமையே முடிச்சு வை." அவள் "டீச்சர், ஆனா..." என்று ஆரம்பித்தாள். நிமிஷம் முடிந்துவிட்டது. விசில்.

வியாழக்கிழமை பிரேயர் முடிந்ததும் அவள் மைதானத்துக்குப் போய்த் தரையில் மல்லாந்து படுத்தாள். தலைக்கு நேராகக் கோடு போடச் சொன்னாள். மூக்கை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான் என்பதால் நானே போட்டேன். எழுந்து, அந்தக் கோட்டில் குதிகாலை வைத்து மறுபடி படுத்தாள். இப்படி நாலு தரம்.

"நாலு ஆளு நீளம். எங்க ஊர்ல இன்னும் பெருசா செய்வாங்க. இந்த மண்ணுக்கு இவ்ளோதான் வரும்."

"யாரு செய்வாங்க, நீயா?"

"அப்பா, சித்தப்பாங்க எல்லாம். எனக்குக் கால் வெரலு மட்டும் குடுப்பாங்க."

முழு ஆளை அவள் ஒரு தரம்கூடச் செய்ததில்லை. பார்த்ததோடு சரி. இதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணை மிதிக்கவே இறங்கினேன். அடிபம்பிலிருந்து பிள்ளைகள் டிபன் பாக்ஸில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, நாங்கள் இரண்டு பேரும் மிதித்தோம். மிதித்துக்கொண்டே சொன்னாள், அவளுடைய அம்மா கடலூரில் ஒரு வீட்டோடு தங்கி வேலை செய்கிறார் என்று. பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவர், தீமிதிக்குக்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வீட்டுப் போனில் பேசலாம். "சனிக்கிழமை கண்காட்சிக்கு வரேன்மான்னு போன ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டேன்" என்றாள். இன்னும் யாரும் தேர்ந்தெடுக்கவே இல்லை, அதற்குள் சொல்லிவிட்டாளாம். எவ்வளவு கொழுப்பு என்று எனக்குக் கோபம் வந்தது. என் அப்பா ஊருக்கே சொல்லி வைத்திருந்தது அப்போது ஞாபகம் வரவில்லை.

அவள் கால் விரலில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலும் ஒரு தேங்காய் அளவு. நகத்தைக் கரண்டிக் காம்பால் கீறினாள். முழங்கால் வரைக்கும் நாங்கள் கேலி பேசிக்கொண்டிருந்தோம். தொடை எழும்பியபோது பேச்சு குறைந்தது. வலது தொடைக்குள் குங்குமம் கரைத்த தண்ணீரை ஒரு சொம்பில் வைத்து மூடி, மேலே மண்ணைப் பூசினாள். உயிர் அங்கேதான் இருக்கிறதாம். இடுப்பு, வயிறு, மார்பு. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் நகரவில்லை. பார்க்கப் பார்க்க, தரைக்கு அடியிலிருந்து யாரோ ஒருவர் மெல்ல மேலே வருகிற மாதிரி இருந்தது. அவள் கையில் காலண்டர் இல்லை, கட்டம் இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எங்கேயிருந்து எடுக்கிறாள் இவள்?

முகத்துக்கு ஹாஸ்டல் அடுப்புக் கரியால் மீசை வைத்தாள். சாக்பீஸைப் பல்லாக வரிசையாக நட்டாள். கடைசியாக எங்களை எல்லாம் ஒதுங்கச் சொன்னாள்.

"கண்ணு தொறக்கப் போறேன். எதிர்ல நிக்காதீங்க."

நான் வீம்புக்கென்று கால்மாட்டிலேயே நின்றேன். அவள் சுண்ணாம்பால் வெள்ளை விழியைப் பூசி, கரியைக் கட்டைவிரலால் தொட்டு நடுவில் அழுத்தினாள். வலது கண், பிறகு இடது கண். அவ்வளவுதான், அதுவரை மண்ணாகக் கிடந்தது என்னைப் பார்த்தது. பொய் சொல்லவில்லை. தோற்றுப்போய் விழுந்து கிடக்கிறவரின் பார்வை அது, ஆனால் பயந்த பார்வை இல்லை. என் கால் தானாகப் பின்னால் போனது. பின்னால் நின்ற சமையல் ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பி.டி. டீச்சர் விசிலை வாயில் வைத்தபடியே ஊத மறந்து நின்றார்.

"கடலூர் இவதான்டி. எழுதி வெச்சுக்கோ" என்று யாரிடமோ சொன்னார்.

நாலே காலுக்குப் பள்ளி விட்டது. டீச்சர் குறிஞ்சிப்பாடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். நான் பாதி வழி போய்விட்டு, டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன் என்று தோழிகளிடம் பொய் சொல்லித் திரும்பி வந்தேன். எதற்கு வந்தேன் என்பதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பக்கெட் தண்ணீர் போதும், முகம் கரைந்துவிடும். காலையில் பார்த்தால் மழை என்பார்கள், மாடு என்பார்கள். அப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மைதானத்தில் தையல்நாயகி மண்வெட்டியோடு நின்றாள். நான் பார்க்கப் பார்க்க வலது தொடையில் ஓங்கி ஒரு வெட்டு. சொம்பு கவிழ்ந்து சிவப்பு வழிந்தது.

"ஏய்! பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?" கெடுக்க வந்த நானே கத்திக்கொண்டு ஓடினேன். "நாளைக்குத்தானடி பாக்க வராங்க!"

"பொழுது சாயறதுக்குள்ள ஒடைச்சிடணும். கண்ணு தொறந்துட்டு ராவெல்லாம் அப்படியே போட்டு வெக்கக் கூடாது."

"இது ஸ்கூலுடி. இங்க யாரு கேக்கப் போறா?"

"கேக்கறதுக்கு யாரும் வேணாம்."

"அப்ப கண்ண நாளைக்குத் தொறந்திருக்கலாம்ல?"

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். அதை அவளும் யோசித்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "நெனச்சேன்தான்" என்றாள். "மூஞ்சி வந்துடுச்சு. அதுக்கப்பறம் எப்படி உடறது?"

உங்க அம்மா கடலூர்ல காத்திருப்பாங்களே என்றேன். ராஜாவின் மார்பில் ஏறி நின்று வெட்டினாள். அழுதுகொண்டேதான் வெட்டினாள். கண்களை மட்டும் மண்வெட்டியால் தொடாமல், உள்ளங்கையால் தடவி மூடினாள். நான் ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் மேடம் வந்தபோது மைதானத்தில் ஒரு மண்மேடுதான் இருந்தது. பி.டி. டீச்சர் கொதித்துப் போனார். நான்தான் உடைத்தேன் டீச்சர் என்று அவளே சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். மேடம் என் கோபுரத்தைப் பார்த்து, ரொம்ப அழகு என்றார்.

சனிக்கிழமை அப்பாவோடு கடலூர் போனேன். ஒரு பெரிய பள்ளிக்கூட ஹாலில் சுவர் முழுக்கப் படங்கள். திட்டக்குடியிலிருந்து வந்த ஒருத்தியின் மயிலுக்குப் பக்கத்தில் என் கோபுரம் தொங்கியது. அத்தை முறுக்கோடு வந்திருந்தார். எல்லாம் நான் நினைத்த மாதிரியே நடந்தது.

மத்தியானம் ஒரு அம்மா வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் போன பச்சைப் புடவை, ஈரக் கை. எங்கள் பள்ளியின் சீருடையைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"பாப்பா, சிதம்பரத்துப் புள்ளைங்கதான நீங்க? தையல்நாயகி வரலியா? நான் அதோட அம்மா."

அவள் பெரியதாகச் செய்தாள், ஆனால் சாயங்காலமே அவளே உடைத்துவிட்டாள், அதனால் என்னை அனுப்பினார்கள் என்று ஒப்பித்தேன். அந்த அம்மா அழுவார், இல்லை அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கண்ணு தொறந்துதா?"

"தொறந்துட்டா."

"முழு ஆளா? தனியாவா செஞ்சிது?"

தலையாட்டினேன். அந்த அம்மாவின் கண் நிரம்பிவிட்டது. ஆனால் அது அழுகை மாதிரி இல்லை. எவ்வளவு நீளம் என்று கேட்டார். நாலு ஆள் நீளம் என்றேன்.

ஹாலின் நடுவில் கொஞ்சம் காலி இடம் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அந்த வெறும் தரையில் அடிமேல் அடி வைத்து, உதடசைய எண்ணிக்கொண்டே நடந்தார். அந்த நீளம் முடிந்த இடத்தில் நின்று திரும்பினார். சுவர்களில் அத்தனை படங்கள் தொங்கின, ஒன்றைக்கூட அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என் கோபுரம் அவருக்கு நேர் எதிரில்தான் இருந்தது. இப்போது பார்ப்பார், இப்போது பார்ப்பார் என்று பக்கத்திலேயே நின்ற எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த அம்மா அப்படி எதைத்தான் பார்க்கிறது, அங்கேதான் ஒன்றுமே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.