இடது கை மத்தாப்பு

ஏன் சட்டம் படிக்கப் போனீர்கள் என்று கேட்பவர்களிடம் நான் இத்தனை வருடங்களாக ஒரு பொய்யைச் சொல்லி வந்திருக்கிறேன். ஏழை எளியவர்களுக்கு உதவ ஆசைப்பட்டேன் என்பேன். கேட்பவர்களுக்கும் அது பிடிக்கும். காப்பி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். உண்மையில் நான் போனது கோபத்தில். அந்தக் கோபம் பதின்மூன்று வயதில், மதுரைக் கோர்ட்டில், என் அப்பா மேல் வந்தது.

அதற்கு முன்னால் எனக்கு வேறு பைத்தியம். படம் வரைவது. நாங்கள் சிவகாசியில் இருந்தோம். அப்பா ஊர் வியாபாரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள்கள் திருத்தங்கல் ரோட்டில் இருந்த ஒரு அச்சகத்தில் அச்சாகும். புரூஃப் திருத்த அப்பா சைக்கிளில் போகும்போது நான் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். அவர் முன் அறையில் சிவப்பு மையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். நான் உள்ளே லேபிள் படம் போடும் இடத்துக்கு ஓடிவிடுவேன்.

பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களை அந்தக் காலத்தில் கல்லில் வரைந்து அச்சடித்தார்கள். கல்லில் எல்லாம் இடம் வலம் மாறி இருக்கும். எழுத்து திரும்பி நிற்கும், வலப்பக்கம் பார்க்க வேண்டிய கிளி இடப்பக்கம் பார்க்கும். தாளில் அச்சானதும் எல்லாம் நேராகிவிடும். அது எனக்கு மாய வித்தையாக இருந்தது. தரையில் கிடக்கும் கழிவு லேபிள்களைப் பொறுக்கி வந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தேன். மற்ற பெண்கள் பாண்டி விளையாடும்போது நான் அந்தக் கிளிகளையும் மயில்களையும் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன்.

அப்போதே எனக்கு வாயும் அதிகம். எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டுப் பிராணனை வாங்குவேன். அப்பாவுக்கு அதில் பெருமை. வீட்டுக்கு வருபவர்களிடம், “இவகிட்ட ஜாக்கிரதையாப் பேசுங்க, குறுக்கு விசாரணை பண்ணிருவா” என்று சிரிப்பார். நான் சொல்வதெல்லாம் உண்மை என்று அவர் நம்புவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வயதில் சொந்தமாக ஒரு லேபிள் போட வேண்டும் என்று தோன்றியது. மத்தாப்பு பிடித்து நிற்கும் ஒரு பெண். அம்மாவை நிற்கச் சொன்னேன். டியூட்டி முடிந்து வந்தவள் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுச் சிவப்புப் பட்டுச் சேலை உடுத்தி, கொளுத்தாத கம்பி மத்தாப்பு ஒன்றை வலது கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியபடி நின்றாள். நான் அவளைப் பார்த்து வரையவில்லை. பீரோக் கண்ணாடியில் தெரிந்த அவளைப் பார்த்து வரைந்தேன். லேபிள் படம் என்றால் திருப்பித்தான் போட வேண்டும், அச்சில் நேராகிவிடும் என்பது என் கணக்கு. அச்சகத்துக் கல்லைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும்.

அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்துவிட்டாள். நோயாளிகளுக்கு நாடி பார்க்க அவள் இடது கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அது. கண்ணில் பட்டதைப் போடாமல் விட எனக்குத் தெரியாது. அதனால் என் படத்தில் ஒரு பெண் பட்டுச் சேலை உடுத்தி, இடது கையில் மத்தாப்பும் வலது கையில் கடிகாரமுமாக நின்றாள்.

நான் வரைந்த அட்டையை அப்பா அச்சகத்துக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். தீபாவளி சீசனுக்கு லேபிள் ஆர்டர் கொடுக்க ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி வந்திருந்தார். எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டியில் அவரும் ஒருவர். அட்டையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“சார், இது யாரு போட்டது?”

“எம் மகதான் அண்ணாச்சி.”

“அடேயப்பா! இம்புட்டுப் பிள்ளையா போட்டுச்சு?” என்று என் தலையில் கை வைத்தார். பிறகு அச்சகத்து ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு, “ஏப்பா, இத அப்படியே கல்லுல ஏத்து. ஒரு கோடு மாத்தக் கூடாது” என்றார்.

ஆர்ட்டிஸ்ட் ஒரு கோடும் மாற்றவில்லை. என் படத்தைத் தொழில் முறைப்படி அவர் ஒரு தடவை திருப்பிக் கல்லில் வரைந்தார்; அச்சு அதை மறுபடி திருப்பியது. லேபிள் என் அட்டையில் இருந்தது போலவே வந்துவிட்டது. ஈரம் காயாத முதல் தாளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்தாப்பு இடது கையில். ஊரே சிரிக்கப் போகிறது என்று நினைத்தேன். கண்ணாடி விஷயத்தை அம்மாவைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஊர் சிரிக்கவில்லை. வடக்கே கடைக்காரர்கள் அந்த இடது கைக்காரியைக் கேட்டு வாங்கினார்கள். அடுத்த சீசனிலும் அதே லேபிளுக்கு ஆர்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில், வேதக் கோயிலின் ஞாயிறு பள்ளியில், குழாயடியில், பார்த்தவரிடமெல்லாம் அது நான் போட்ட படம் என்று தம்பட்டம் அடித்தேன்.

அந்தத் தம்பட்டம்தான் வினையானது. ஊரில் இன்னொரு கம்பெனி அதே மாதிரி இடது கை, அதே கடிகாரம் என்று ஒரு லேபிள் போட்டது. நம்ம முதலாளி மதுரையில் கேஸ் போட்டார். லேபிள் உரிமை தனக்கே என்று காட்ட, படம் அச்சகத்து ஆர்ட்டிஸ்ட் சொந்தக் கற்பனையில் வரைந்தது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அது பொய் என்று காட்டினால் கேஸ் ஆட்டம் கண்டுவிடும். எதிர்க் கம்பெனியின் வக்கீல் என் பெயரைக் கேள்விப்பட்டு எங்கள் வீட்டுக்கே வந்தார்.

ஒல்லியான மனிதர். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னிடமே பேசினார். பெரியவர்கள் யாரும் அதுவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

“அந்தப் படம் நீ போட்டதாம்மா?”

“ஆமா சார்.”

“கோர்ட்ல ஜட்ஜ் முன்னால சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“சார், சம்மன் வரும். முதல்ல நீங்க சொல்லுங்க, அடுத்து பாப்பா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையை ஆட்டினார். கண்ணாடி பார்த்து வரைந்த கதையை மட்டும் நான் வக்கீலிடம் சொல்லவில்லை. தப்பை ஒப்புக்கொள்ள வெட்கம். கோர்ட்டில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

எந்தக் கம்பெனி ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஒரு பெரிய இடத்தில், எழுதி வைத்துக்கொள்ளும் இடத்தில், இதைப் போட்டது இந்தப் பிள்ளை என்று ஒருவர் சொல்ல வேண்டும். அது போதும். அதை அப்பாவே சொல்லப் போகிறார் என்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

கேஸுக்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு மலைப்பழம் கொண்டுவந்தார். “என்னத்தா, நல்லாப் படிக்கியா?” என்று என்னைக் கேட்டுவிட்டு அப்பாவோடு வாசலில் நின்று பேசினார். நான் பழத்தைத் தின்றேன்.

கேஸ் அன்று முதல் பஸ்ஸில் விருதுநகர் போய், அங்கே பஸ் மாறி மதுரைக்குப் போனோம். கோர்ட்டில் முதலில் ஆர்ட்டிஸ்ட் கூண்டில் ஏறினார். ஒல்லி வக்கீல் லேபிளைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

“மத்தாப்பை ஏன் இடது கையில் கொடுத்தீர்கள்?”

“ஒரு அழகுக்காகங்க.”

வக்கீல் அதோடு விட்டுவிட்டு வேறு எதற்கோ போய்விட்டார். எனக்கு உட்கார முடியவில்லை. அடுத்த கேள்வி என் கண் முன்னால் நின்றது. கடிகாரம் ஏன் வலது கையில்? அதுவும் அழகுக்காகவா? பட்டுச் சேலை உடுத்தி மத்தாப்பு கொளுத்தும் எந்தப் பொம்பளை நம்ம ஊரில் கடிகாரம் கட்டுகிறாள்? யாரைப் பார்த்து வரைந்தீர்கள்? இந்த நாலு கேள்விக்கு அந்த மனிதரிடம் பதில் இல்லை. நான் அப்பாவின் சட்டைக் கையை இழுத்தேன்.

“அப்பா, கடிகாரத்தப் பத்திக் கேக்கச் சொல்லுங்கப்பா.”

“சும்மா இரு” என்றார், என் பக்கம் திரும்பாமல்.

பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். கடவுள் சாட்சியாக உண்மையைச் சொல்வதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கும் அதே குரல், கொஞ்சமும் தடுமாறவில்லை.

“இந்தப் படத்தை வரைந்தது உங்கள் மகள்தானே?”

“இல்லை.”

வக்கீல் என் பக்கம் கை காட்டினார். “தான் வரைந்ததாக அந்தப் பிள்ளை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறதே?”

“அவ சின்னப் பிள்ளைங்க. இல்லாததையும் இருக்கிற மாதிரிச் சொல்லுவா.”

என்னை விசாரிக்க வேண்டும் என்று வக்கீல் கேட்டுப் பார்த்தார். பெற்ற தகப்பனே இப்படிச் சொன்ன பிறகு என்ன விசாரணை என்று முதலாளியின் வக்கீல் எழுந்தார். நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். டவாலி போட்ட சேவகர் உட்காரு என்று கை காட்டினார். உட்கார்ந்தேன். இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒருவேளை பொறுத்திருப்பேன். என்னைப் பொய்க்காரி என்று சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் எனக்குக் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். சிவகாசி வரும்வரை பிரிக்காமல் மடியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போய் நின்றேன்.

“நீங்கதானம்மா கண்ணாடி முன்னால நின்னீக? நீங்க சொல்லுங்க.”

“நான் என்னத்தச் சொல்ல? அவுக சொன்னாச் சொன்னதுதான்” என்றாள். கையில் இருந்த கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நம்ம முதலாளி ஜெயித்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது கமிட்டி அப்பாவைத் தலைமை ஆசிரியர் ஆக்கியிருந்தது. அம்மா அன்று பாயசம் வைத்தாள். மலைப்பழத்துக்கு அர்த்தம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அதன் பிறகு நான் படம் போடவில்லை. பென்சிலைத் தொட்டாலே கை கூசியது. ஆனால் அந்த நாலு கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. குளிக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது ஆர்ட்டிஸ்டைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பேன். அவர் அழுதுவிடுவார். அப்புறம் அப்பாவை ஏற்றுவேன். அவர் மட்டும் எத்தனை தடவை ஏற்றினாலும் இல்லை என்றே சொல்வார். கடைச் சாமான் கட்டி வரும் செய்தித்தாளில் கோர்ட்டுச் செய்தி இருந்தால் பருப்பைக் கொட்டிவிட்டுப் படிப்பேன். கல்லூரியில் பட்டிமன்றம் என்றால் என்னை எதிர்த்துப் பேச ஆள் தேடுவார்கள். நான் டீச்சர் டிரெய்னிங் போக வேண்டும் என்று அப்பா விரும்பினார். “அவ இஷ்டத்துக்குப் படிக்கட்டும்” என்று அம்மா அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை எதிர்த்து நின்றாள். ஏன் நின்றாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மெட்ராஸில் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதற்குள் அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து போதகரும் சபைக்காரர்களும் அப்பாவோடு வேலை பார்த்த வாத்தியார்களும் என்னை வாழ்த்த வந்திருந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். போதகர், “இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து இம்புட்டுச் சாமர்த்தியம்?” என்று கேட்டார்.

அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “சின்னதுலயே அப்படித்தான் ஐயா. இடது கை மத்தாப்பு லேபிள் பாத்திருப்பீகளே? அது இவ போட்டதுதான். பதினோரு வயசுல!”

எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஒருவர் கை தட்டினார். அப்பாவின் முகத்தில் அத்தனை பெருமை. அவர் நடிக்கவில்லை; அதுதான் என்னை உலுக்கியது. ஒன்பது வருடம் நான் காத்திருந்த வார்த்தையை, இனிமேல் தனக்கு ஒரு சேதாரமும் இல்லை என்று ஆன பிறகு, பலகாரத் தட்டோடு சேர்த்து நீட்டுகிறார்.

“அப்பா, அந்தப் படத்தப் போட்டது யாரு?” என்று கேட்டேன்.

“நீதாம்மா” என்றார், இன்னும் சிரித்தபடி.

“அது உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?”

சிரிப்பு நின்றது. கோர்ட்டுக் கதை தெரிந்த வாத்தியார்கள் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். போதகருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா காப்பித் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“மொதல்ல இருந்தே தெரியும்” என்றார் அப்பா, மெதுவாக.

எல்லோரும் போன பிறகு அவர் என் அருகில் வந்தார். கண் கலங்கியிருந்தது. “அத்தன பேரு முன்னால என்னய இப்படி நிக்க வச்சிட்டியே” என்றார்.

“கோர்ட்ல ஆளு கம்மிதான்ப்பா. அங்கன சொல்லியிருக்கலாம்” என்றேன்.