முப்பத்திரண்டாவது பல்

செவ்வாய்க்கிழமை காலை ரஹாங்கிலிருந்து அருளப்பன் அண்ணனின் மகள் ஞானம் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா போயிட்டாங்க மாமா" என்றாள். அழுது ஓய்ந்த பிறகு, கல்லறையில் பெயருக்குக் கீழே அப்பாவின் தொழிலை என்னவென்று போடுவது என்று கேட்டாள். எழுத்து வேலையிலேயே காலம் தள்ளிய கிழவனிடம் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனாலும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அருளப்பன் அண்ணனை ரஹாங் சைக்கிள் கடைக்காரராகத்தான் தெரியும். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியே இருக்கும். யாராவது கேட்டால், "மிஷின் கடிச்சிருச்சு" என்று சிரித்துச் சமாளிப்பார். மிஷின் அவரைக் கடிக்கவே இல்லை. அந்த விரல்களுக்குக் காரணம் நான். அவர் இருக்கும்வரை இதை வெளியே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவர் தொழிற்சாலை மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர், நான் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் பால்கட்டியைத் தகடாக அழுத்தும் ரோலரின் பற்சக்கரம் ஒருநாள் உடைந்தது. வேறு சக்கரம் வாங்க வழியில்லை. ரோலர் நின்றால் தொழிற்சாலை நிற்கும். வேலையில்லாத தோட்டத்து ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பியவர்கள் குறைவு. அதனால் சக்கரம் உடைந்த அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மூடிக் கிடந்த ஈயச் சுரங்கத்துப் பட்டறையில் ஏதோ மிஷின் இருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். அதைக் காவல் காத்த சீனக் கிழவர் துளை போடும் மிஷின் என்றார். நான் கடைசல் மிஷின் என்று என் அறிவைக் காட்டினேன். பெயர்த் தகட்டை யாரோ பெயர்த்துவிட்டிருந்தார்கள். அண்ணன் எங்கள் இருவரையும் சட்டை செய்யாமல், மேசை மேலிருந்த பெட்டி போன்ற பாகத்தைத் துடைத்து அதன் கைப்பிடியைச் சுற்றினார். மெதுவாக, வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றினார். அவர் நாற்பது சுற்று சுற்றியபோது பெட்டியின் முன்பக்கத்து அச்சு ஒரே ஒரு சுற்று சுற்றியிருந்தது. "நாப்பதுக்கு ஒண்ணு, கிராணி. இது பல்லு வெட்டுற மில்லிங் மிஷின் லா" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

இரண்டு மூட்டை மரவள்ளிக்கிழங்குக்குக் கிழவர் அதைக் கொடுத்தார். பிரித்து மாட்டுவண்டியில் இரண்டு நடையாகக் கொண்டுவந்தோம். எங்கள் சக்கரத்துக்கு முப்பத்திரண்டு பல். ஒரு பல் வெட்டியதும் அடுத்ததற்குக் கைப்பிடியை ஒன்றேகால் சுற்று சுற்ற வேண்டும். "கை மறந்துரும், வாய் மறக்காது. நீங்க எண்ணுங்க" என்று என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். ரோலர் ஓடியது. பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் வெட்டிக் கொடுத்தோம். அவர் கணக்கு ஒரு தடவையும் தவறியதில்லை.

அப்போதுதான் மிஷின்களையும் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களையும் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஜப்பான்காரன் உத்தரவு வந்தது. தொழில் தெரிந்தவனுக்கு அரிசி கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு பேச்சு. அண்ணி அப்போதுதான் ஞானத்தைப் பெற்று, கிழங்கைத் தின்று பால் வற்றிக் கிடந்தார். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் நான் எழுதினேன்: அருளப்பன், மில்லிங் வேலை நன்கு தெரியும்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்துத் தோட்டத்து பிட்டர்களைப் பட்டியலில் பெயர் பார்த்துச் சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். பட்டியல் போய்விட்டது. பொய்யாக எழுதினேன் என்று நான் சொன்னால் என் தலை போகும். அண்ணன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"பேர எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, கிராணி."

அவ்வளவுதான் சொன்னார். அதன்பின் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் கக்கூசுக்கு ஓடினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான்காம் நாள் காலை ஜப்பானிய அதிகாரி வந்தான், மிஷினைச் சுற்றி வந்தான். வெண்கல வட்டு ஒன்றைக் கொடுத்து முப்பத்திரண்டு பல் வெட்டச் சொன்னான். மலாய் கொஞ்சம் பேசுவான். வாசலில் இரண்டு சிப்பாய்கள். என்னையும் நிற்க வைத்தார்கள்.

அண்ணன் வெட்டத் தொடங்கினார். நான் மனத்துக்குள் எண்ணினேன். ஒன்பதாவது பல்லுக்கு ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டார். கால் சுற்று குறைகிறது. பயத்தில் கை தவறிவிட்டது என்று நினைத்தேன், வாய்வரை வந்த எண்ணிக்கையை விழுங்கினேன். இருபதாவது பல்லிலும் அதே கால் சுற்று குறைந்தது. வேலை தெரியாதவன் போல வேண்டுமென்றே தப்பாக வெட்டுகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதிகாரிக்கும் புரிந்துவிடக் கூடாதே என்று என் பார்வையை மிஷினிலிருந்து வாசல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றேன்.

வெட்டி முடித்தபோது கடைசிப் பல் மட்டும் ஏறக்குறைய இரண்டு பல் பருமனில் நின்றது. அதிகாரி சக்கரத்தை விரலால் தடவி எண்ணினான். பட்டியலை விரித்து, இவனுக்கு வேலை தெரியும் என்று எழுதியது யார் என்று கேட்டான். நான் வாய் திறக்கவில்லை. அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தார். அரிசிக்கு ஆசைப்பட்டுத் தான்தான் கிராணியிடம் பொய் சொன்னதாக மலாயில் சொன்னார்.

அவர் கையை மிஷின் மேசைமேல் வைக்கச் சொல்லித் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். மிஷினை அன்றே லாரியில் ஏற்றினார்கள். அது கெமாஸ் பக்கம் போனதாகச் சொன்னார்கள். பொய்யனும் விரல் போனவனும் வேண்டாமென்று அவரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். சயாம் போன பிட்டர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, சைக்கிள் கடையில் உட்கார்ந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அரிசிக்குத்தான எழுதுனீங்க, விடுங்க" என்றார். பிறகு, "அந்த ஒம்பதாவது பல்லுதான் வலிச்சிச்சு, வெரலு இல்ல" என்றார். ஒரு சக்கரத்தைக் கெடுத்துக் கொடுத்தோமே என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பெயர் எழுதுமுன் கேட்டிருக்கலாமே என்று அன்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அதன்பின் ரேஷன் அட்டையானாலும் கோயில் நன்கொடைச் சீட்டானாலும், ஆளைக் கேட்காமல் யார் பெயரையும் நான் எழுதியதில்லை. நேற்று ஞானத்தை அழைத்தேன். கல்லில் வெட்டவேண்டியதைச் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். இந்தத் தடவையும் அண்ணனைக் கேட்கவில்லை, கேட்க அவர் இல்லை.

அருளப்பன். மில்லிங் வேலை நன்கு தெரியும்.