சீமைக் கேட்லாக்கில் இல்லாத வளைவு

கதிரை, அதுதான் நாற்காலி, வரையும் பித்து எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நிறையப் பொய்கள் இருக்கின்றன. உண்மையில் எல்லாம் ஒரு முதுகில் தொடங்கியது. என் மனைவியின் முதுகு.

கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமந்தவள். கண்டிக்கு வந்து என் தச்சுக்கடையின் பின்னறையில் குடியேறிய பிறகு, நான் செய்த நேர்முதுகுக் கதிரை எதிலும் அவளால் கால்மணி நேரம் உட்கார முடியவில்லை. மரச்சீவல் அடைத்த சாக்கில்தான் சாய்வாள். சாய்ந்ததும் முகம் இளகும். அந்த இளக்கத்தை மரத்தில் பிடித்துவிட எனக்கு வெறி. ஒரு மழை மத்தியானம், ஊறவைத்த பிரம்பை அவள் முதுகோடு வளைத்துப் பிடித்தேன்.

“கூசுதுங்க! முதுகை அளக்கிறீங்களா, பாம்பு விடுறீங்களா?”

“அசையாத புள்ள.”

பிரம்பின் வளைவை அப்படியே பலாப் பலகையில் வரைந்து அறுத்தேன். கதிரை கடை வாசலுக்கு வந்த வாரமே யாழ்ப்பாணத்து வக்கீல் ஒருவர் அதில் சாய்ந்து கண்ணை மூடினார்.

“சோக்காய்க் கிடக்கு. உந்த வளைவை எங்கை பிடிச்சனீர்?”

தேத்தண்ணியோடு அவள் கதவருகே நின்றாள். தோட்டத்துப் பெண்ணின் முதுகு என்றால் கோட்டுப் போட்டவர் எழுந்துவிடுவாரோ? நாக்கு முந்திக்கொண்டது.

“சீமைக் கேட்லாக்ல பாத்ததுங்க, ஐயா.”

“ஓம், பாத்தவுடனை விளங்கினது.” ஆறு கதிரைக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கோப்பையை எடுத்தாள். “என் முதுகு எப்பங்க கப்பலேறிச்சு?”

சிரித்துத்தான் கேட்டாள். நானும் சிரித்தேன். அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மழை விட்டது, ஓட்டிலிருந்து நீர் சொட்டியது, தெருவில் ரிக்‌ஷா மணி கேட்டது, எல்லாம் ஞாபகமிருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்பது மட்டும் இல்லை.

அடுத்த கதிரைக்காகப் பிரம்பை ஊறவைத்து அவளைக் கூப்பிட்டேன்.

“உலை கொதிக்குது. கேட்லாக்கைப் பாத்துக்கங்க.”

அதன்பின் ஒவ்வொரு முறையும் அதே பதில். என் கோடுகள் விறைத்துப்போயின. தேயிலை விலை விழுந்த வருடங்களிலும் கதிரைகள் விற்றன. உட்கார்ந்தவர் யாரும் கண்ணை மூடவில்லை.

கடைசியில் துணிந்தேன். அக்குறணை வியாபாரி ஒருவர் அந்த முதல் கதிரையின் வளைவைத் தடவி விசாரித்தபோது, அவள் காதுபடவே சொன்னேன்: “இது என் சம்சாரத்தோட முதுகு, முதலாளி. அவளை வச்சுத்தான் வரைஞ்சேன்.”

“நல்ல பகிடி!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் அவர்.

நான் அவளைப் பார்த்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

“சும்மா சொல்றாருங்க,” என்றாள் அவரிடம். “அது சீமையிலேருந்து வந்ததுதான்.”